கடலூர்–புதுச்சேரி சாலைப் பலகைகள்: எழுத்து எரிந்துபோகாமல் படமெடுப்பது எப்படி?

பச்சைப்பலகை:
கடலூரிலிருந்து புதுச்சேரி வரை என்.எச். 32-இல் இருக்கும் வழிகாட்டிப் பலகைகளையும் கிலோமீட்டர் கற்களையும் ஒன்று விடாமல் படமெடுத்து வரிசைப்படுத்தும் வேலையில் இறங்கியிருக்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது), 18–135 மி.மீ. லென்ஸ், ஒரு செல்போன், ட்ரைபாட் இருக்கின்றன. இருட்டியபின் ஃபிளாஷ் போட்டால் பலகை முழுக்க வெள்ளையாக எரிந்துவிடுகிறது, சுற்றிலும் கும்மிருட்டு. கடலூர் நோக்கி வரும் பக்கத்துப் பலகைகள் பட்டப்பகலிலும் கறுத்துப்போகின்றன. எதிர்ப்பக்கம் நன்றாக வருகிறது. ஓடும் காரிலிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் தெளிவில்லை. இந்தச் சாலைக்கு 45-ஏ என்ற பழைய எண் இருந்த காலத்துக் கல் மிஞ்சியிருந்தால் எப்படி அடையாளம் காண்பது என்றும் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பலகையில் ஒட்டியிருக்கும், ரேடியம் ஸ்டிக்கர் என்று நாம் சொல்லும் அந்தத் தாளில் ரேடியம் எதுவும் கிடையாது. பழைய வகையில் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகள், புது வகையில் நுண்ணிய பட்டகங்கள் (ப்ரிசம்). இரண்டும் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால்தான் அவருக்குப் பலகை பளிச்சென்று தெரிகிறது.

செல்போனில் ஃபிளாஷுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு செ.மீ. 10 மீட்டர் தள்ளி நிற்கும்போது 3.5 செ.மீ. இடைவெளி என்பதே வெறும் 0.2 டிகிரிதான். திரும்பி வரும் ஒளி உச்சத்தில் இருப்பது அந்தக் குறுகிய கோணத்துக்குள். அதே 10 மீட்டரில் விளக்கை லென்ஸிலிருந்து 35 செ.மீ. தள்ளிப் பிடித்தால் கோணம் 2 டிகிரி ஆகிவிடும், ஒளி வெகுவாக அடங்கும். கையை நீட்டி 60–70 செ.மீ. தள்ளிப் பிடித்தால் இன்னும் நல்லது. பலரும் தவறுவது இங்கேதான்: எரிகிறதே என்று பின்னால் 30 மீட்டர் போய்விடுவார்கள். அங்கே 35 செ.மீ. என்பது 0.7 டிகிரிகூட இல்லை, பலகை மறுபடி எரியும். தொலைவு கூடினால் விளக்கையும் அதே அளவில் விலக்க வேண்டும்.

ட்ரைபாட், ஐஎஸ்ஓ 200, எஃப் 8, மேனுவல், 2 விநாடி. இதில் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். அகலமாக விரியும் டார்ச்சால் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினால் போதும். வெள்ளை எழுத்துக்குத்தான் வெளிச்ச அளவு வைக்க வேண்டும். பச்சை இருண்டாலும் ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) தூக்கிக்கொள்ளலாம், எரிந்துபோன எழுத்து திரும்பி வராது. ஷட்டர் திறந்திருக்கும்போது பின்னால் ஒரு பஸ் ஹெட்லைட்டோடு வந்தால் அந்தப் படம் போச்சு, இடைவெளி பார்த்து அமுக்குங்கள். சூரியன் மறைந்த பின் பதினைந்து இருபது நிமிடம் விளக்கே தேவைப்படாத வெளிச்சம் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த நேரத்தையே பயன்படுத்துங்கள் என்பேன்.

மார்கழி, தை விடியலில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். பனித்துளி படிந்த தாள் ஒளியைச் சிதறடித்துவிடும், டார்ச் அடித்தாலும் பலகை கறுப்பாகவே நிற்கும். தாள் கெட்டுவிட்டது என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். வெயில் ஏறிக் காய்ந்த பின் பாருங்கள்.

வடக்குமுகம்:
பகல் பிரச்சினைக்குக் காரணம் திசை. இந்தச் சாலை ஏறத்தாழ வடக்கு–தெற்காக ஓடுகிறது. கடலூர் நோக்கித் தெற்கே வரும் வண்டிக்கான பலகையின் முகம் வடக்கே பார்க்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை அந்த முகத்தில் நேர் வெயில் விழாது. சூரியன் நாள் முழுக்கப் பலகையின் முதுகுப் பக்கம்தான். எதிர்ப்பக்கத்துப் பலகைக்கு அதே மாதங்களில் நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

கடலூர் 11.75 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனும் உச்சிக்குச் சற்று வடக்கே போகும். ஆனால் அந்த வெயில் தகட்டை உரசிக்கொண்டு விழுவதால் ஒவ்வொரு நெளிவும் ஸ்டிக்கர் குமிழியும் துருத்திக்கொண்டு தெரியும். வடக்கு முகத்துக்கு நான் பரிந்துரைப்பது ஐப்பசி, கார்த்திகை மாத மேகமூட்டம்தான். நிழலே விழாது, எழுத்து சீராக வரும். வெயில் நாளில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஸ்பாட் மீட்டரிங்கை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) பச்சைப் பரப்பில் வைத்து, வெள்ளை எழுத்து எரியாதபடி ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). வானம் வெளுத்துப்போனால் போகட்டும்.

கடலூர்–பண்ருட்டி மாநில நெடுஞ்சாலை எஸ்.எச். 9-க்குப் போனால் கணக்கு மாறும். பண்ருட்டி நோக்கிய பலகைகள் கிழக்கே பார்க்கும், காலை 7 முதல் 9. திரும்பி வரும் பக்கத்துக்கு மாலை 4 முதல் ஐந்தரை.

புதுச்சேரிக்குள் பிரெஞ்சுப் பகுதியின் நீலத் தெருப்பெயர்ப் பலகைகளையும் சேர்ப்பதாக இருந்தால் அவை வேறு வகை. பளபளப்பில் எதிர்வீட்டுச் சுவரும் வானமும் தெரியும். நேரெதிரே நிற்காமல் 30 டிகிரி ஒதுங்கி, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைச் சுழற்றிப் பாருங்கள். ரேடியம் தாள் இல்லாததால் ஃபிளாஷ் அப்படியே திரும்பி வராது. ஆனால் ஒரு வெள்ளைப் பொட்டு விழும்.

டேஷ்போர்டு_கறுப்புத்துணி:
ஓடும் காருக்கு வருகிறேன். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது. பக்கத்து சீட்டில் ஒருவர் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் நகரும், ஷட்டர் 1/1000 விநாடி திறந்திருந்தால்கூட 1.7 செ.மீ. பலகைக்கு நேராகப் போகும்போது இந்த நகர்வு படத்தில் பெரிதாகத் தெரியாது. பலகை பக்கவாட்டில் ஒதுங்கும் கடைசி 15 மீட்டரில்தான் எல்லாம் இழுபடும். அதனால் கிட்டே வரட்டும் என்று காத்திருக்காமல், 135-இல் வைத்து 50–60 மீட்டர் முன்பாகவே எடுங்கள். உங்கள் கேமராவில் 60 மீட்டரில் சுமார் 10 மீட்டர் அகலம் அடங்கும், சாலைக்குக் குறுக்கே நிற்கும் கேன்ட்ரி பலகைக்கும் அது தாராளம். தள்ளி நின்றால் பலகை மேல்நோக்கிக் குறுகுவதும் குறையும்.

ஆட்டோஃபோகஸ் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியைப் பிடித்துக்கொள்ளும். தூரத்துப் பலகை ஒன்றில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழாமல் இருக்கக் கறுப்புத் துணி விரிக்க வேண்டும், பளபளக்காத பருத்தித் துணி. போலரைசரும் உதவும், ஆனால் ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பக்கக் கண்ணாடி வழியே எடுத்தால் புள்ளி புள்ளியாகக் கறையும் காட்டும். கடற்காற்று உப்பு கண்ணாடியில் படிவதால் கிளம்பும் முன் உள்ளும் புறமும் துடைப்பது கட்டாயம்.

எல்இடி அறிவிப்புப் பலகைக்கு மட்டும் ஷட்டர் வேகத்தைக் குறைத்து 1/50 விநாடி அளவில் வையுங்கள். 1/1000 போட்டால் பாதி எழுத்து காணாமல் போகும்.

நடந்துபோய் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலகையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்றால் வண்டிகள் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகின்றன. தடுப்புக்கு வெளியே நில்லுங்கள், பின்பக்கம் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் மீடியனில் ஏறவே வேண்டாம்.

கல்தேடி:
45-ஏ பற்றி. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் என்று போன சாலைக்குத்தான் அந்த எண். 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது புதுச்சேரிக்குத் தெற்கே அது 32 ஆனது. விழுப்புரம்–புதுச்சேரித் துண்டு 332. ஆகவே பழைய கல்லில் கி.மீ. எண்ணிக்கை விழுப்புரத்திலிருந்து ஓடும். 32-இன் எண்ணிக்கை சென்னைப் பக்கமிருந்து வருவதால் எண் மிகப் பெரிதாக இருக்கும். மஞ்சள் தலைக் கல்லில் கடலூர் அருகே சிறிய எண் கண்டால் நின்று பாருங்கள். பச்சைத் தலை என்றால் அது மாநில நெடுஞ்சாலைக் கல்.

ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் மற்றவற்றைவிடப் பெரிது, ஊர்ப்பெயர்களும் அதிகம். நேரம் குறைவென்றால் அவற்றை முதலில் எடுங்கள். இருவழிச் சாலையில் எண் ஏறும் திசைக்கு இடப்பக்கம் கல் நடுவது முறை, எண்ணே அழிந்திருந்தாலும் தொடக்கம் எந்தப் பக்கம் என்று அதை வைத்துச் சொல்லலாம். பெயிண்டுக்கு அடியில் செதுக்கிய எழுத்து இருந்தால், அந்தி நேரத்தில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் 10–15 டிகிரியில் பிடியுங்கள், பள்ளம் நிழலாகத் தெரியும். தயவுசெய்து பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், சுண்ணக்கட்டியும் தேய்க்க வேண்டாம்.

பெயரிடும்போது "பழைய", "புதிய" என்று எழுதியே ஆக வேண்டும். திண்டிவனம் வழியாகப் போகும் புதுச்சேரி–கிருஷ்ணகிரி சாலை முன்பு என்.எச். 66. இன்றைய 66 மும்பை அருகிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் மேற்குக் கரைச் சாலை. வெறும் 66 என்று போட்டால் திண்டிவனத்துக் கல் கோவா பலகைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பச்சைப்பலகை:
திசைக் கணக்கு இப்போதுதான் புரிகிறது, நன்றி. முள்ளோடை எல்லையில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடத்தை எப்படிக் குறிப்பது? ஜிபிஎஸ் போதுமா?

கல்தேடி:
போதாது. ஜிபிஎஸ் பதிவது நீங்கள் நின்ற இடத்தை, பலகை நிற்கும் இடத்தை அல்ல. 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பலகை அந்தப் பக்கம் விழலாம். பலகையின் அடியில் நின்று செல்போனில் ஒரு படம், பின்புறத்தில் தயாரித்த ஆண்டு, தாள் விவரம் ஒட்டியிருந்தால் அதற்கு ஒரு படம். கோப்பின் பெயரில் சாலை எண், கி.மீ., போகும் திசை, தேதி. கேமராக் கடிகாரத்தைக் காலையிலேயே செல்போனோடு சரிபார்த்துவிடுங்கள். இரண்டு நிமிடம் வித்தியாசம் இருந்தால், காரிலிருந்து எடுத்த படங்களின் இடம் 60 கி.மீ. வேகத்தில் 2 கி.மீ. தள்ளிப்போய்விடும்.