ரெப்பிளுக்குத் தமிழ்ச்சொல்: ஊடாடுகளம்

வணக்கம். ரெப்பிள் (REPL) என்பது நிரலைத் துண்டு துண்டாகக் கொடுத்து, அதை உடனே ஓட்டி, விடையை அங்கேயே பார்க்கும் வசதி. அதற்கான தமிழ்ச்சொல் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ரெப்பிள் = ஊடாட்டு முனையம். ஷெல்லுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமே?

'ஊடாட்டு' சரி. 'முனையம்' வேண்டாம் என்பேன். டெர்மினலுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதைவிட முக்கியம், எடிட்டருக்குள் ரெப்பிள் வைத்து வேலை செய்பவர் பல நேரம் முனையத்தைத் திறப்பதே இல்லை.

ஈமேக்ஸ் எடிட்டரில் சைடர் என்ற துணைக்கருவியை வைத்துக் குளோஜர் மொழியில் வலைச்செயலி எழுதுபவரைப் பாருங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. கோரிக்கையைக் கையாளும் ஒரு ஃபங்ஷனைத் திருத்துகிறார். கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-இ அழுத்துகிறார். அந்த ஃபங்ஷன் மட்டும் ஓடும் சர்வருக்குள் போய்ப் பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. தரவுத்தள இணைப்பு அறுவதில்லை, நினைவகத்தில் இருந்த செஷன்களும் அப்படியே இருக்கும். (கோரிக்கையை உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் ரௌட்டர் பழைய ஃபங்ஷனையே பிடித்துக்கொண்டிருந்தால் மாற்றம் தெரியாது. அதனால்தான் அங்கே ஃபங்ஷனை நேராகக் கொடுக்காமல் அதன் இப்போதைய வடிவத்தைச் சுட்டும் 'வார்' ஐக் கொடுக்கிறார்கள்.) விடையும் எழுதிய வரிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

ஆக, தன் நிலையை வைத்துக்கொண்டு ஓடும் அந்த நிரலையும், அதோடு நாம் பேசும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் தேவை. என் பரிந்துரை 'ஊடாடுகளம்'. ஆடுகளம் போல வினைத்தொகை; 'ஊடாடுகளத்துக்கு அனுப்பு', 'ஊடாடுகளத்தில் சோதி' என்று உருபும் இயல்பாக ஏற்கிறது. நோடு, ஐபைத்தான், ரெயில்ஸ் கன்சோல் போன்ற ரெப்பிள்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

1964-இல் பிடிபி-1 கணினிக்கான லிஸ்ப் மொழி பற்றி எழுதிய டாய்ச்சும் பெர்க்லியுமே 'ரீட்-இவால்-பிரின்ட்' சுழற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். அதை 'படி-கணி-காட்டு சுழற்சி' என்று விளக்கத்தில் எழுதலாம், பெயராக வைக்க நீளம். இவாலுக்கு 'மதிப்பிடு' என்றால் நிரலின் தரத்தைப் பார்ப்பது போலக் கேட்கிறது, 'கணி' போதும்.

ஷெல்லை இதோடு சேர்க்க வேண்டாம். பாஷ் போன்ற ஷெல்லில் நாம் பேசுவது இயங்குதளத்தோடு, ரெப்பிளில் நம் நிரலோடு. பைத்தான் வலைச்செயலிகளுக்கான ஜாங்கோவின் ஷெல் பெயரில்தான் ஷெல், வேலையில் அது ஊடாடுகளம்.

அப்புறம், உலாவியின் கன்சோல். ஓடும் பக்கத்துக்கு அங்கிருந்து கட்டளை தரலாம் என்பதால் அந்தப் பகுதியையும் ஊடாடுகளம் எனலாம். பிழைச்செய்திகளையும் பதிவுகளையும் காட்டும் பகுதிக்கு வேறு சொல் வேண்டும். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.