‘ஐடில் லூப்’: ‘ஒழிவு மடக்கு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உலகில் மிக அதிகமாக இயக்கப்பட்ட நிரற்பகுதி எது என்று சென்ற வாரம் தொடங்கிய பேச்சு, செயலிக்கு வேலை இல்லாதபோது இயங்கும் ‘ஐடில் லூப்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. பெயரை முடிவு செய்யுமுன் பொருளைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டால், இதுவரை வந்த பரிந்துரைகளில் எது நிற்கும், எது நிற்காது என்பது தானே விளங்கிவிடும்.

செயலி என்பது ஒரு கட்டளை முடிந்தவுடன் அடுத்த கட்டளையை எடுத்து இயக்கும் கருவி. பயனரின் நிரல்கள் எவையும் வேலை கேட்டு வரிசையில் நிற்காத நொடியிலும் அதற்கு ஏதாவது ஒரு கட்டளையைக் கொடுத்தாக வேண்டும். அதற்கென்றே இயங்குதளத்தின் கருவில் (‘கெர்னல்’) ஒரு சிறு மடக்கு, அதாவது திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளைத் தொகுதி (‘லூப்’), வைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் ‘டூ ஐடில்’ என்ற செயற்கூறு இதைச் செய்கிறது. புதிய பணி வந்திருக்கிறதா என்று அது பார்க்கும். வரவில்லையென்றால் செயலியை எவ்வளவு ஆழமான மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்து, பெரும்பாலான மேசைக்கணினிகளில் உள்ள எக்ஸ்86 சில்லுகளில் ‘எச்எல்டி’ (‘நில்’) போன்ற கட்டளையையும் கைப்பேசிகளில் உள்ள ஏஆர்எம் சில்லுகளில் ‘டபிள்யூஎஃப்ஐ’ (‘குறுக்கீட்டுக்குக் காத்திரு’) கட்டளையையும் இயக்கிவிட்டு நின்றுவிடும். விசைப்பலகையிலிருந்தோ, வலையட்டையிலிருந்தோ, கடிகாரத்திலிருந்தோ ஒரு குறுக்கீடு (கவனத்தைக் கோரும் குறிகை) வந்ததும் செயலி விழித்துக்கொள்ளும். மடக்கு மறுபடியும் பணி வந்ததா என்று பார்க்கும். வந்திருந்தால் அந்தப் பணிக்கு இடம்விட்டு விலகும். கணினி ஓடும் காலமெல்லாம் நடப்பது இவ்வளவுதான்.

இதுதான் மிக அதிகமாக இயங்கிய நிரலா என்று கேட்டால், எதைக் கொண்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். திரும்பச் செய்த எண்ணிக்கைதான் கணக்கு என்றால், பிட்காயின் வலையமைப்பு நொடிக்கு 10-இன் 20ஆம் அடுக்குக்கும் மேற்பட்ட முறை செய்துகொண்டிருக்கும் ‘ஷா-256’ என்ற குறியாக்கக் கணக்கீட்டின் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. ஆனால் அதைச் செய்பவை அந்த ஒரே கணக்குக்கென்று வடிவமைக்கப்பட்ட சில்லுகள். அங்கே கணக்கீடு மின்சுற்றாகவே பதிந்திருக்கிறது, நினைவகத்திலிருந்து கட்டளையாக எடுத்து இயக்கப்படுவதில்லை. ஆகவே அதை நிரல் என்று எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைப் படியெடுக்கும் ‘மெம்காப்பி’யும், ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் ‘எஸ்க்யூலைட்’ தரவுத்தள நிரலும் வலுவான போட்டியாளர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவை யாராவது கேட்டால்தான் இயங்கும். கேட்பவர் இல்லாத நேரமெல்லாம் இந்த மடக்குக்கே உரியது. ஆண்ட்ராய்டு இயங்கும் கருவிகள் 300 கோடிக்கு மேல் இருப்பதாகக் கூகுள் 2021-இல் அறிவித்தது. அவை ஒவ்வொன்றிலும் லினக்ஸ் கரு இருக்கிறது. கருவியின் செயலியில் எத்தனை உள்ளகங்கள் (‘கோர்’) இருக்கின்றனவோ அத்தனையிலும் இந்த மடக்குக்குத் தனித்தனியே வேலை இருக்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி ஒரு நாளில் எவ்வளவு நேரம் உண்மையில் கணக்கிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலத்தை அளவாகக் கொண்டால் முதலிடம் இதற்குத்தான்.

ஒரு நுட்பத்தை இங்கே விட்டுவிடக் கூடாது. விண்டோஸ் 95 வேலை இல்லாத நேரத்தில் ‘எச்எல்டி’யை இயக்காமல் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது, அதனால் வேலை இல்லாத கணினியும் சூடேறியது, அதைக் குளிர்விக்கவென்றே அன்று சிறு நிரல்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைய கருக்கள் அப்படிச் சுழல்வதில்லை, நிற்கின்றன. அதிலும் 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.21 முதல், வேலை இல்லாதபோது நொடிக்கு 100, 250 அல்லது 1000 முறை வந்து எழுப்பும் கடிகாரத் துடிப்பையே நிறுத்திவைக்கும் வழி பிறந்தது. ஆகவே மடக்கில் இருக்கும் நேரம் மிகுந்தாலும் அது சுற்றும் எண்ணிக்கை குறைந்தது. நாம் வைக்கும் பெயர் இந்த இரண்டு நடத்தைக்கும் பொருந்த வேண்டும்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். ‘சோம்பல் மடக்கு’ வேண்டாம். ஒரு கணக்கைத் தேவைப்படும்வரை மதிப்பிடாமல் தள்ளிவைக்கும் முறைக்குச் சோம்பல் என்ற அடையைப் பலர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், மேலும் இந்த மடக்கு சோம்பி இருப்பதும் இல்லை. ‘வெற்று மடக்கு’ என்றால் உள்ளே கூற்று எதுவும் இல்லாத மடக்கு என்றுதான் மாணவர் கொள்வர். ‘உறக்க மடக்கு’ கணினியின் உறக்க நிலையோடு குழம்பும். நம் குழுவில் திருமங்கலத்திலிருந்து எழுதும் ஐயா முன்வைத்த ‘காத்திருப்பு மடக்கு’ இவற்றுள் சிறந்தது. ஆனால் ஒரு நிரல், இன்னொரு நிரல் பிடித்துவைத்திருக்கும் தரவின் பூட்டுத் திறக்கும்வரை தானே சுழன்று செயலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைக்கும் அந்தப் பெயரே முதலில் தோன்றும். அங்கே செயலி கை நிறைய வேலையோடு வீணாகிறது. இங்கே அதன் கை ஒழிந்திருக்கிறது. நேர்மாறான இரண்டுக்கு ஒரு பெயர் ஆகாது.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சரம் கட்டிக்கொண்டிருக்கும் அக்காவிடம் விலை கேட்டால், “கை ஒழியட்டும் தம்பி, சொல்றேன்” என்பார். வீட்டிலும் “இன்னைக்கு ஒழியலை, நாளைக்கு வாரேன்” என்றுதான் மதுரைப் பக்கம் பேசுகிறோம். வேலை இல்லை, ஆனால் அடுத்த வேலைக்கு ஆள் இருக்கிறது என்ற பொருள் அந்தச் சொல்லில் அப்படியே கிடக்கிறது. அதனால் ‘ஒழிவு மடக்கு’ என்று முன்மொழிகிறேன். இதிலிருந்து ஒழிவு நிலை, ஒழிவு நேரம், ஒழிவுப் பணி, ஒழிவு விழுக்காடு என்று குடும்பமாகச் சொற்கள் கிளைக்கும். ஆய்வகத்தில், செயலி எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையைக் கொடுத்ததும் ‘ஐடில்’ என்பதன் சுருக்கமான ‘ஐடி’ என்ற இரண்டெழுத்தின் பக்கத்தில் 90-க்கு மேல் ஓர் எண் நிற்பதைப் பார்த்து, “இது யாரோட ஐடி சார்?” என்று கேட்கும் மாணவருக்கு, “ஒழிவு விழுக்காடு” என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியும்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து

*

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஒரே ஒரு தயக்கம். ‘ஒழிவு’ என்றதும் ஒழித்தல், ஒழிப்பு ஆகியவை நினைவுக்கு வருகின்றன. கல்லூரியில் முதலாண்டு மாணவி ஒருத்தி இதைப் படித்தால், மடக்கு முடிந்து ஒழிந்துபோனது என்று பொருள்கொள்ள மாட்டாளா? ‘பணியிலா மடக்கு’ என்றால் இந்த மயக்கம் வராதே.

தங்கள்,
மேலூரிலிருந்து

*

அன்புள்ள தங்கைக்கு,

தயக்கம் நியாயமானதுதான். ஆனால் ‘ஒழிவு நேரம்’ என்பதை யாரும் நேரம் அழிந்தது என்று படிப்பதில்லை; அடையாக முன்னால் வரும்போது ஓய்ந்திருத்தல் என்ற பொருளே முந்தி நிற்கிறது. மடக்கு முடிவதைக் குறிக்க ‘முடிவுறுதல்’ என்பதை நாம் வேறாக வைத்திருக்கிறோம். ‘பணியிலா’ என்பதில் எனக்குள்ள தடை வேறு: லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இந்த மடக்கே பூச்சிய எண்ணுடைய ஒரு பணியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் ‘பணியிலாப் பணி’ என்று எழுத நேரும். ‘ஒழிவுப் பணி’ என்றால் இடர் இல்லை.

மறுப்பு வேறு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: ‘ஒழிவு மடக்கு: இயக்கத்தக்க பணி வேறு இல்லாதபோது, குறுக்கீடு வரும்வரை செயலியை வைத்திருக்க இயங்குதளக் கரு இயக்கும் மடக்கு.’ பூட்டுக்காகச் சுழன்று நிற்பதற்குச் ‘சுழல்காத்திருப்பு’ என்று அதன் கீழேயே ஒப்புநோக்கு கொடுத்துவிடுவோம். திருமங்கலம் ஐயாவின் ‘காத்திருப்பு’ அங்கே முழுப் பொருத்தமாக அமைகிறது. அவருடைய ஒப்புதலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து