பிரைவசி செட்டிங்ஸைக் கடுமையாக்கிய பிறகு ஃபயர்ஃபாக்ஸில் லாகின் சுற்றிச் சுற்றி வருகிறது: எந்த வரியைத் தளர்த்துவது?

கேள்வி

விண்டோஸ் 11, ஃபயர்ஃபாக்ஸ். பிரைவசிக்காக ரெடிமேடாகக் கிடைக்கும் யூசர்.ஜேஎஸ் கோப்பு (ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸை மொத்தமாக மாற்றும் வரிகள் கொண்டது) ஒன்றை புரொஃபைல் ஃபோல்டரில் போட்டதிலிருந்து மூன்று தொல்லைகள்.

அலுவலக போர்ட்டலின் லாகின் வேறொரு தளத்தில் நடக்கிறது. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் ஏற்றுக்கொண்டு போர்ட்டலுக்கு அனுப்புகிறது. ஒரு நொடி வெள்ளைப் பக்கம், மறுபடி லாகின் தளம், மறுபடி போர்ட்டல். நிற்பதே இல்லை.

ஒரு பயிற்சித் தளத்தில் பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தாலும் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. "சிஎஸ்ஆர்எஃப் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்று ஒரு வரி மட்டும்.

மூன்றாவது, "இந்தச் சாதனத்தை நினைவில் வை" என்று டிக் செய்தாலும் தினமும் காலையில் ஓடிபி கேட்கிறது.

விளம்பரத் தடுப்பான யூபிளாக் ஆரிஜினை அணைத்தும், ட்ரபுள்ஷூட் மோடில் திறந்தும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. குரோமில் எல்லாம் சரியாக ஓடுகிறது. மொத்தப் பாதுகாப்பையும் கழற்றிவிட மனமில்லை. எந்த வரி எதைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பதில் 1

ட்ரபுள்ஷூட் மோட் எக்ஸ்டென்ஷன், தீம், ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் போன்றவற்றைத்தான் நிறுத்தும். அபவுட்:கான்ஃபிக் (ஃபயர்ஃபாக்ஸின் உள் செட்டிங்ஸ் பக்கம்) மதிப்புகளைத் தொடாது. பிரைவேட் விண்டோவிலும் அதே மதிப்புகள்தான். சோதிக்க வேண்டுமென்றால் முகவரிப் பட்டியில் அபவுட்:புரொஃபைல்ஸ் என்று கொடுத்து, புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் லாகின் செய்யுங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் செட்டிங்ஸில். அங்கேயும் ஓடாவிட்டால் தளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி போர்ட்டல். "நிற்பதே இல்லை" என்று சொன்னீர்களே, அதுவே பெரிய துப்பு. சர்வர் 302 (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்) அனுப்பித் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் 20 தடவையோடு நிறுத்தி, பக்கம் சரியாகத் திருப்பிவிடப்படவில்லை என்று பிழை காட்டிவிடும். உங்களுடையது நிற்கவில்லை, நடுவில் வெள்ளைப் பக்கமும் வருகிறது. அப்படியென்றால் திருப்பிவிடுவது போர்ட்டலின் ஜாவாஸ்கிரிப்ட்.

உள்ளே நடப்பது இது. போர்ட்டல் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஐஃபிரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) ஒன்றில் லாகின் தளத்தைக் கூப்பிட்டு, "இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவரா?" என்று கேட்கிறது. அந்த ஐஃபிரேம் போர்ட்டலின் பக்கத்துக்குள் இருப்பதால் லாகின் தளம் அங்கே மூன்றாம் தரப்பு. அதன் குக்கியை உங்கள் பிரவுசர் கொடுக்க மறுக்கிறது, "இல்லை" என்று பதில் போகிறது. போர்ட்டல் உடனே முழுப் பக்கத்தையும் லாகின் தளத்துக்கு அனுப்புகிறது. அங்கே அது முதல் தரப்பு, குக்கி கிடைக்கிறது, "இவர் வந்தவர்தான்" என்று திருப்பி அனுப்புகிறது. போர்ட்டல் மறுபடி ஐஃபிரேமில் கேட்கிறது, மறுபடி "இல்லை". இரண்டு தளமும் தன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. குக்கி கைமாறாததுதான் சிக்கல்.

உறுதிப்படுத்த எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப், பல்சக்கரத்தில் பெர்சிஸ்ட் லாக்ஸ் டிக். பிறகு லாகின் செய்யுங்கள். முகவரியில் "பிராம்ப்ட்=நன்" என்று இருக்கும் கோரிக்கையும், அதற்குப் பதிலாக "லாகின்_ரிக்வயர்டு" என்ற பிழையும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அபவுட்:கான்ஃபிக்கில் குக்கிபிஹேவியர் என்று தேடுங்கள். 1 என்றால் மூன்றாம் தரப்புக் குக்கி எல்லாமே தடை. 5 என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் குக்கிகளுக்குத் தனித்தனி ஜாடி. 2022-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸில் இயல்பாக இருப்பது 5தான். உங்களுடையது 1 ஆக இருந்தால் 5க்கு மாற்றுங்கள். கண்காணிப்புக்கு எதிராகப் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். லாகின் தளத்தில் நீங்களே கிளிக் செய்து திரும்பியிருந்தால் சில சமயம் தற்காலிக அனுமதியும் அதுவாகவே கொடுக்கும்.

5 வைத்தும் சுற்றினால், போர்ட்டல் முகவரி பட்டியில் தெரிகிற நேரத்தில் எஸ்கேப் அழுத்தி நிறுத்துங்கள். இடது பக்கக் கேடயச் சின்னத்தைத் திறந்து அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணையுங்கள். அணைக்க வேண்டியது போர்ட்டலில், லாகின் தளத்தில் அல்ல. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்றாவது தொல்லை எளிது. பிரவுசரை மூடும்போது குக்கிகள் அழிகின்றன, "நினைவில் வை" என்பதும் ஒரு குக்கிதான். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், குக்கிகளுக்கான மேனேஜ் எக்ஸெப்ஷன்ஸில் போர்ட்டல், லாகின் தளம் இரண்டின் முகவரியையும் எச்டிடிபிஎஸ் சேர்த்துக் கொடுத்து அலவ் செய்து சேமியுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதிதான் வேலை செய்யும்.

பதில் 2

403 பற்றி. அந்த வாசகம் ஜாங்கோவில் (தளம் கட்டப் பயன்படும் மென்பொருள்) எழுதப்பட்ட தளங்களில் வருவது. எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால், படிவம் தன் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று ஜாங்கோ சோதிக்கும், அதுதான் சிஎஸ்ஆர்எஃப் சோதனை. ஜாங்கோ 4.0க்கு முந்தைய பதிப்புகள் அதற்கு ரெஃபரர் ஹெடரைத்தான் (எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சொல்லும் வரி) நம்பின. யூசர்.ஜேஎஸ் அதை வெட்டிவிட்டால் பாஸ்வேர்ட் எத்தனை சரியாக இருந்தாலும் 403தான்.

இரண்டு வரிகளைப் பாருங்கள். செண்ட்ரெஃபரர்ஹெடர் 0 ஆக இருந்தால் 2 ஆக்குங்கள். எக்ஸ்ஆரிஜின்பாலிசி 2 ஆக இருந்தால் 1 ஆக்குங்கள். 2 என்றால் ஹோஸ்ட் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், ஒரே நிறுவனத்தின் இரண்டு துணை டொமைன்களுக்கு இடையில்கூட ரெஃபரர் போகாது. 1 என்றால் மூல டொமைன் ஒன்றாக இருந்தால் போதும்.

ரெஃபரரை அடியோடு நிறுத்துவது ஃபயர்ஃபாக்ஸ் 87ஆம் பதிப்புக்கு முன் ஓரளவு பொருளுள்ள காரியம். அதற்குப் பிறகு ஃபயர்ஃபாக்ஸ் வேறு தளத்துக்கு டொமைன் பெயரை மட்டுமே அனுப்புகிறது, முழு முகவரியை இயல்பாகவே மறைத்துவிடுகிறது. 0 வைத்து மிச்சப்படுத்துவது கொஞ்சம், உடைவது அதிகம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. குக்கிபிஹேவியர் 1 ஆகத்தான் இருந்தது. 5 ஆக்கியதும் போர்ட்டல் திறந்தது. ரெஃபரரை மாற்றியதும் 403ம் போய்விட்டது. ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால் எல்லா மதிப்புகளும் பழையபடியே! இன்னொன்று: அப்பாயின்ட்மென்ட் தளத்தில் காலை 10:00 என்று பதிவு செய்தது 4:30 என்று தெரிகிறது. ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணும் இதனால் தவறிப்போகுமா?

பதில் 3

ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கும்போதெல்லாம் யூசர்.ஜேஎஸ்ஸில் உள்ளதை எடுத்து, தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் பிரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பின் மேல் எழுதும். நீங்கள் அபவுட்:கான்ஃபிக்கில் மாற்றியது பிரெஃப்ஸ்.ஜேஎஸ்ஸில் இருக்கும், அடுத்த முறை அழிந்துவிடும். ஆகவே மாற்றம் யூசர்.ஜேஎஸ்ஸிலேயே நடக்க வேண்டும். அபவுட்:சப்போர்ட்டில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொண்டு, ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடிவிட்டு, நோட்பேடில் அந்த வரிகளின் எண்ணை மாற்றிச் சேமியுங்கள்.

வரியை அழித்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அழித்தாலும் கடைசி மதிப்பு பிரெஃப்ஸ்.ஜேஎஸ்ஸில் அப்படியே தங்கும். அழித்த பிறகு அபவுட்:கான்ஃபிக்கில் அந்த வரியைத் தேடி, வலது ஓரத்து வளைந்த அம்புக்குறியை அழுத்தி ரீசெட் செய்தால்தான் இயல்புக்குத் திரும்பும். "யூசர்.ஜேஎஸ்ஸையே தூக்கிவிட்டேன், ஆனாலும் சரியாகவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

பதில் 4

10:00 எப்படி 4:30 ஆனது? ஐந்தரை மணி வித்தியாசம். பிரவுசரின் சாயலை மறைக்கும் ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங் வரி ட்ரூ ஆக இருக்கிறது. அது தளங்களிடம் உங்கள் நேர மண்டலத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று சொல்கிறது. கணினிக் கடிகாரத்தைத் திருத்தப் போகாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. ஆறு இலக்க எண்ணுக்கும் ஆபத்தில்லை. அதைக் கணக்கிடுவது போனும் சர்வரும், நேர மண்டலம் அந்தக் கணக்கில் வராது. அந்த எண் தவறினால் போனின் நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே செட்டிங், தளங்கள் பிரவுசரில் வரைந்து பார்க்கும் கேன்வாஸ் படத்தையும் குழப்பிக் கொடுக்கிறது, திரை அளவையும் மாற்றிச் சொல்கிறது. பிரவுசரின் சாயலை வைத்து ஆளை அடையாளம் காணும் வங்கித் தளங்களுக்கு நீங்கள் புதுச் சாதனமாகத் தெரியலாம். குக்கிக்கு விலக்கு கொடுத்த பிறகும் ஓடிபி தொடர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கேப்ட்சா முடிவில்லாமல் சுற்றினாலும் இதை முதலில் சந்தேகியுங்கள்.

வங்கி, அப்பாயின்ட்மென்ட், அலுவலகம் ஆகியவற்றுக்கு யூசர்.ஜேஎஸ் இல்லாத தனிப் புரொஃபைல் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அங்கே எப்படியும் உங்கள் பெயரில்தான் உள்ளே போகிறீர்கள், சாயலை மறைத்து ஆவதொன்றும் இல்லை. அபவுட்:புரொஃபைல்ஸில் உருவாக்குங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் ஷார்ட்கட்டின் நகல் ஒன்றில், டார்கெட் பெட்டியின் கடைசியில் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கிலச் சின்ன பி எழுத்தும், அடுத்து புரொஃபைல் பெயரும் சேர்த்தால் நேராக அதில் திறக்கும். உலாவலுக்கு உங்கள் கடுமையான புரொஃபைல் அப்படியே இருக்கட்டும்.