கேமரா முக்காலி (டிரைபாட்) இல்லாமல் என்நஜ்மா எஸ்ஸஹ்ரா மாளிகையின் விதானத்தைப் படமெடுக்க வழி?

துனிசியா, சிதி பூ சையித். கடலைப் பார்த்த குன்றில் ஓவியர் ரொடோல்ஃப் தெர்லாஞ்சே 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த மாளிகை. சுதைச் செதுக்கலும் வண்ண மர விதானமும் அற்புதம். ஆனால் அறை இருட்டு, ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில்.

கேமரா சோனி ஏ6400, 16-50 கிட் லென்ஸ். கேமரா பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) கிடையாது. ஜன்னலுக்கு எக்ஸ்போஷர் (ஒளி அளவு) வைத்தால் விதானம் கறுப்பு. விதானத்துக்கு வைத்தால் கடல் வெறும் வெள்ளைத் திட்டு.

ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 6400க்கு ஏற்றினால் நிழலெல்லாம் புள்ளி. ஃபிளாஷ் போட்டால் பக்க நிழல் போய்ச் செதுக்கல் தட்டையாகிறது, அந்த வேலைப்பாட்டுக்கே அநியாயம். கையில் பிடித்து ±2இல் மூன்று பிரேம் பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது) செய்தேன். நீண்ட எக்ஸ்போஷர் பிரேம் ஆடிவிட்டது, லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மூன்றையும் இணைத்ததும் ஓரங்கள் இரட்டையாகத் தெரிகின்றன.

அடுத்த வாரம் காலையில் மறுபடி போகிறேன். விதானமும் கடலும் ஒரே படத்தில் தெளிவாக விழ, இதே கேமராவில் என்ன செட்டிங் வைக்க வேண்டும்?