அம்மாவின் மாத்திரைக் குழப்பம்: யாரைப் பார்ப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 76 வயது. நாலு மாசமாக யாரிடமும் பேசுவதில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறார், சர்க்கரை மாத்திரையை ஒரே வேளையில் இரண்டு முறை போட்டுவிடுகிறார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12 சரியாக இருக்கின்றன. மனச்சோர்வுக்கு எஸிடலோபிராம் 5 மி.கி. ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரம் தள்ளாட்டம், ரத்தத்தில் சோடியம் குறைந்து 127. நீர் பிரியும் பிரஷர் மாத்திரையும் கூடவே இருந்ததால் இறங்கியிருக்கிறது. டாக்டர் இரண்டையும் மாற்றி, இரவில் மனச்சோர்வுக்கான வேறு மருந்து மிர்டாசபின் 7.5 மி.கி. கொடுத்தார். தூக்கமும் பசியும் திரும்பின, சோடியம் 136. மறதி மட்டும் அப்படியே.

ஏழு நாள் மாத்திரை டப்பாவில் கிழமையே குழம்புகிறது. போன் அலாரத்தை அணைத்துவிட்டு மறக்கிறார். உதவிக்கு ஆள் வைத்தால் கோபப்பட்டு அனுப்பிவிடுகிறார். அந்தக் கோபம் நியாயம்தான்.

அவர் வேலையைப் பிடுங்காமல், வீட்டுக்கே வந்து அடுப்பு, மாத்திரைப் பழக்கத்தைச் சீராக்கித் தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது இருக்கிறார்களா?