வீட்டை விட்டு வெளியே வர முடியாத நாயகி: 'இன்ட்ரூடர்ஸ்' உங்களுக்குப் பிடித்ததா?

பின்வரிசை

'இன்ட்ரூடர்ஸ்' (2015, இயக்கம் ஆடம் ஷிண்ட்லர்) நேற்று இரவு பார்த்தேன், இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. க்ளைமாக்ஸ் வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனா என்ற பெண்ணுக்கு அகோராஃபோபியா என்ற அச்ச நோய். பல வருடமாக வாசல் தாண்டியதில்லை. புற்றுநோயில் படுத்திருக்கும் சகோதரனைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் உலகம். அவன் இறந்துபோகிறான், அவனுடைய இறுதிச்சடங்குக்குக்கூட அவளால் கிளம்ப முடியவில்லை. வீட்டில் பணம் இருப்பதைத் தெரிந்துகொண்ட மூன்று பேர், அவள் சடங்குக்குப் போயிருப்பாள் என்று நம்பி உள்ளே நுழைகிறார்கள். அவளோ உள்ளேதான் இருக்கிறாள். கதவு வரை ஓடி வருகிறாள், வெளியே போனால் உயிர் பிழைக்கலாம், ஆனால் கால் நகரவில்லை. அந்த இடத்தில் நானே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே வீடு, கைவிரல் எண்ணிக்கையில் நடிகர்கள், பெரிய செலவு எதுவும் இல்லை, இருந்தும் இந்த அளவுக்குப் பதற வைக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் நிலவறை வருகிறது, ட்விஸ்ட் வருகிறது, அவளே ஆட்டத்தைக் கையில் எடுக்கிறாள். எனக்கு அங்கேதான் படம் கைநழுவிப் போனது. அதுவரை அவளை வாட்டிய நோய் எங்கே போனது? அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்க ஒரு பூட்டு தேவைப்பட்டது, அதற்குத்தான் இதை எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா? இதே பிரச்சினையை இன்னும் நேர்மையாகக் காட்டிய சின்னப் படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வெட்டும் ஒட்டும்

நான் இதற்கு நேர் எதிர், நண்பரே. அந்த நிலவறைக்குப் பிறகுதான் எனக்குப் படமே பிடித்தது.

குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன், அதனால் இந்தப் பக்கமிருந்து சொல்கிறேன். ஒரே வீட்டில் கதை எழுதுகிற எல்லோருக்கும் வருகிற முதல் தலைவலி, "இவர்கள் ஏன் கிளம்பிப் போகவில்லை?" என்ற கேள்வி. கார் பழுது, செல்போனில் சிக்னல் இல்லை, வெளியே புயல் என்று எதையாவது வைத்துச் சமாளிப்பார்கள், எல்லாமே வெளியிலிருந்து ஒட்டவைத்த காரணங்கள். அகோராஃபோபியா என்றால் காரணம் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, செலவும் கிடையாது. கதவு திறந்தே கிடக்கலாம், வெளியே வெயில் அடிக்கலாம், அப்போதும் அவள் மாட்டிக்கொண்டவள்தான். சின்ன பட்ஜெட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

முதல் பாதி முழுக்க "இவள் ஏன் வெளியே போக முடியவில்லை" என்று தவித்துக்கொண்டிருந்த நம்மை, நிலவறைப் படிக்கட்டு உள்ளே இழுத்துக்கொண்டு, நுழைந்தவர்கள் கீழே மாட்டிக்கொண்ட நிமிடத்திலிருந்து "இவர்கள் எப்படி வெளியே போவார்கள்" என்று யோசிக்க வைக்கிறார்கள். வெளியே போக முடியாத அவஸ்தை அவளிடமிருந்து, உள்ளே நுழைந்தவர்களுக்கு மாறுகிறது. ஒரு த்ரில்லரில் நான் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஆனாவாக வரும் பெத் ரீஸ்கிராஃப் நடிப்பும் அந்த இடத்தில் பதற்றத்திலிருந்து ஒருவித அமைதிக்கு மாறும், இன்னொரு முறை அந்தப் பகுதியை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அவள் இப்படி ஆனதற்குச் சிறுவயதுக் கொடுமைதான் காரணம் என்று பின்பாதியில் அவசரமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அதற்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

விளக்குக்கம்பம்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு அகோராஃபோபியா இருக்கிறது, ஆறு வருடமாக. அந்தப் படத்தை நான் பகலில், பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. தமிழில் 'திறந்தவெளி அச்சம்' என்று எழுதிவிடுகிறார்கள், படிப்பவர்கள் வானத்தையும் மைதானத்தையும் பார்த்துப் பயப்படுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மைதானத்தைவிட லிஃப்ட் பயம், நீண்ட வரிசையில் நிற்பது அதைவிடப் பயம். நெஞ்சு படபடத்து மூச்சு முட்டி ஒரு பேனிக் அட்டாக் வந்தால் இங்கிருந்து உடனே வெளியேற முடியுமா, யாராவது உதவுவார்களா என்ற கணக்குதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டில் (2013) ஐந்து சூழல்கள் சொல்லியிருக்கிறார்கள்: பொதுப் போக்குவரத்து, திறந்த இடம், மூடிய இடம், வரிசை அல்லது கூட்டம், வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது. இவற்றில் குறைந்தது இரண்டிலாவது இந்தப் பயம் இருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவது நோய் மிகவும் முற்றிய நிலை, எல்லோரும் அப்படி இல்லை.

சினிமாவில் எப்போதும் நிலைப்படியில் ஒரு கோடு போட்டு வைத்துவிடுகிறார்கள். உள்ளே பத்திரம், ஒரு அடி வெளியே வைத்தால் மயக்கம். எனக்கு அந்தக் கோடு வாசலில் இல்லை, எங்கள் தெருமுனை விளக்குக்கம்பத்தில் இருந்தது. சில நாள் அதற்கு முன்பே நின்றுவிடும், சில நாள் அதைத் தாண்டியும் நாலு வீடு போகும். அக்கா கூட வந்தால் கம்பம் இருப்பதையே கவனிக்க மாட்டேன். கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மன் மருத்துவர் 1871-இல் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோதே, துணைக்கு ஒருவர் இருந்தால் நோயாளிகளால் சுலபமாக நடக்க முடிகிறது என்று எழுதிவிட்டார். ஒரு த்ரில்லருக்கு இதைவிட என்ன வேண்டும்? நம்பக்கூடாத ஒருவர்தான் உங்களை வெளியே கூட்டிப்போகக்கூடிய ஒரே ஆள் என்று வைத்து யாராவது ஒரு கதை எழுதுங்களேன்.

அந்தக் கதவுக் காட்சிக்கு வருகிறேன். உயிர் போகும் நேரத்திலும் ஓட முடியாதா என்று என்னிடம் நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு நாள் எங்கள் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தது, நான் இறங்கி ஓடிவிட்டேன். யோசிக்கவே இல்லை. கீழே போய் நின்று, ஒன்றுமில்லை என்று தெரிந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டு மேலே ஏறும்போதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அதன் பிறகு இரண்டு வாரம் பால்கனிக்குக்கூடப் போகவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனாவைப் போல உறைந்து நிற்பவர்களும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாரத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மழைநாள்

விளக்குக்கம்பம், இதை எழுதியதற்கு நன்றி.

பின்வரிசை கேட்டதற்கு: 'சிட்டாடல்' (2012) பாருங்கள். அதை எழுதி இயக்கிய அயர்லாந்துக்காரர் கியாரன் ஃபாய், 18 வயதில் ஒரு கும்பலிடம் அடிபட்டு, அதன் பிறகு தானே அகோராஃபோபியாவில் அவதிப்பட்டவர். கைக்குழந்தையோடு தனியாகிவிட்ட ஓர் இளைஞன், வெளியே போவதற்கே நடுங்குகிறான். பின்பாதி பேய்ப்படம் போல ஆகிவிடும், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முன்பாதியில் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோளைக் குறுக்கித் தெருவில் போவதைப் பாருங்கள், அனுபவித்தவர் எடுத்தது என்று உடனே தெரியும். இங்கே அவன் வெளியே போகிறான், போய்த்தான் ஆக வேண்டும், அதனால் பயம் கதவோடு முடிந்துவிடுவதில்லை.

இன்னொன்று ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'கிமி' (2022). வீட்டுக்குள் கேமரா நிதானமாக இருக்கும். நாயகி தெருவில் இறங்கியதும் கோணம் எல்லாம் கோணலாகி, அவள் சுவரோரமாக ஓடுவதை வெறிபிடித்தது போலத் துரத்தும். காசு இல்லாத இயக்குநர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். கேமராவை எப்படிப் பிடிப்பது, எந்தச் சத்தத்தைக் கூட்டுவது என்பதற்குச் செட் தேவையில்லை.

அரைத்தூக்கம்

எனக்குக் கோபம் இருப்பது 'இன்ட்ரூடர்ஸ்' க்ளைமாக்ஸ் மீதுதான். அத்தனை ரத்தக்களறிக்குப் பிறகு நாயகி வாசலைத் தாண்டிப் போய்விடுகிறாள், குணமாகிவிட்டது என்பது போல. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் உறவினர்கள் சொல்வது இதுவேதான்: "எல்லாம் மனசுதான், ஒரு தடவை துணிந்து கால் வைத்துவிட்டால் சரியாகிவிடும்." என் தம்பியை அப்படி இழுத்துப் போய்த்தான் இன்னும் மோசமாக்கினார்கள். அவனுக்கு உதவியது மாத்திரையும், சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையும். அதில் முதல் வாரம் கேட் வரை, அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம், பதற்றம் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்பது, மறுநாள் மறுபடி அதே இடம். மாதக்கணக்கில் போனது. இதைப் படமாக எடுத்தால் சுவாரஸ்யமாக இருக்காது என்று யாரும் சொல்லாதீர்கள், அவன் கேட்டுக்கு வெளியே நின்ற ஐந்து நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் ஜன்னலில் மூச்சு விடாமல் நின்றோம்.

வெட்டும் ஒட்டும்

க்ளைமாக்ஸ் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதை வீட்டிலிருந்து, அந்த வீட்டில் நடந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த விடுதலையாகப் பார்த்தேனே தவிர, குணமானதாகப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது வேறு மாதிரித்தான் படும்.

பின்வரிசை

எல்லாப் பதிலையும் இரண்டு முறை படித்தேன். நிலவறைப் பகுதியை மறுபடி பார்த்தேன், 'வெட்டும் ஒட்டும்' சொன்ன அந்த முகமாற்றம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, முதல் தடவை எரிச்சலில் தவறவிட்டிருக்கிறேன். பின்பாதியில் நோய் காணாமல் போகிறது என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. 'சிட்டாடல்' இந்த வாரம் பார்த்துவிடுகிறேன்.

விளக்குக்கம்பம், கேட்கலாமா என்று தெரியவில்லை, விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இப்போது எவ்வளவு தூரம்?

விளக்குக்கம்பம்

தாராளமாகக் கேட்கலாம். தனியாக என்றால் கம்பத்தைத் தாண்டி இரண்டு தெரு, மழை இல்லாத நாளில். அக்காவோடு போன மாதம் தியேட்டருக்கே போனேன். ஓர இருக்கை, கதவு கண்ணில் படுகிற மாதிரி. இடைவேளையில் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லித்தான் உள்ளே போனேன், போகவில்லை.