திருவொற்றியூர் முதல் நீலாங்கரை வரை ஒரே நாளில்: வழித்திட்டம் சரிபார்க்க வேண்டும்

கால்நடை:

ஜனவரி மூன்றாவது ஞாயிறு நான்கு பேர் சென்னையின் கரையை ஒட்டி நடப்பதாக இருக்கிறோம். எல்லோரும் 12 கிலோமீட்டர் வரை பழகியவர்கள்; இருபதைத் தாண்டியதில்லை. திருவொற்றியூரில் தொடங்கி நீலாங்கரையில் முடிக்க நினைப்பு. மூன்று சந்தேகம். தண்ணீரை ஒட்டியே முழுவதும் போக முடியுமா? அடையாறு முகத்துவாரத்தில் உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் மணல் திட்டு இரு கரையையும் தொடுவதுபோல் செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது; அங்கே கடந்தால் நிறைய மிச்சமாகும் அல்லவா? காலணி, தண்ணீர் எவ்வளவு?

வாடைக்காற்று:

திருவொற்றியூரை விட்டுவிடுங்கள். அங்கே நடக்கக் கரையே இல்லை. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. இப்போது அந்தப் பக்கம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மிச்சமிருப்பது கண்டெய்னர் லாரி ஓடும் சாலை. அதற்குத் தெற்கே துறைமுக வளாகம், உள்ளே விடமாட்டார்கள்.

ஆகவே பீச் ரயில் ஸ்டேஷனில் தொடங்குங்கள். ராஜாஜி சாலை நடைபாதையில் கோட்டையைத் தாண்டி, போர் நினைவுச் சின்னம் வழியாக நேப்பியர் பாலம்: சுமார் மூன்றரை கிலோமீட்டர். 5.30க்குக் கிளம்பினால் 6.20க்குப் பாலம். ஜனவரி நடுவில் சூரியன் 6.35 வாக்கில்தான் எழும், மெரினாவில் சரியாகப் பார்க்கலாம்.

திசை வடக்கிலிருந்து தெற்குதான். அந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கு, முதுகைத் தள்ளும். ஆனால் நடுப்பகலில் வெயில் தெற்கிலிருந்து முகத்தில் அடிக்கும், முன்விளிம்புள்ள தொப்பி வேண்டும்.

மெரினாவில் எல்லோரும் செய்யும் பிழை, உடனே அலைப்பக்கம் இறங்குவது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே 300 மீட்டருக்கு மேல் உதிரி மணல். போய் வந்தாலே முக்கால் கிலோமீட்டர் வீண், அதுவும் ரோட்டில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு. நடைபாதையிலேயே கலங்கரை விளக்கம் வரை போங்கள். அலையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்ட மரப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடங்கள். குளிக்க இறங்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம், தடையும் உண்டு.

கலங்கரை விளக்கத்தில் ஏறும் ஆசை இருந்தால் அது தனிப் பயணம். நீங்கள் போய்ச் சேரும் 7.30க்குத் திறந்திருக்காது.

முகத்துவாரம்:

உடைந்த பாலம் கேள்விக்கு: கடக்காதீர்கள். அந்தப் பாலம் 1977 வெள்ளத்தில் போனது. இப்போது நிற்பது தெற்குக் கரையான பெசன்ட் நகர்ப் பக்கத்துத் துண்டு, வடக்கே வெறும் தண்ணீர். திட்டு ஒரு மாதம் அடைத்திருக்கும், அடுத்த மாதம் திறந்திருக்கும். படம் எடுத்த நாளின் நிலை அது, நீங்கள் போகும் நாளின் நிலை அல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு அடுத்து வரும் ஜனவரியில் ஆறு வாயைத் திறந்து வைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். முழங்கால் அளவு என்று இறங்கினால் அடியில் சேறு, மேலே கழிவுநீர், ஓதம் இறங்கும்போது கடலை நோக்கி இழுப்பு.

சுற்றித்தான் போகவேண்டும். கலங்கரை விளக்கத்திலிருந்து லூப் ரோடு வழியாக நொச்சிக்குப்பம் மீன் சந்தை, பட்டினப்பாக்கம். இது சுமார் 2.4 கி.மீ. பிறகு சாந்தோம் நெடுஞ்சாலை, அடையாறு பூங்கா, திரு.வி.க. பாலம். பாலம் இறங்கியதும் இடதுபுறம் பெசன்ட் அவென்யூ. இந்த ஆறு கிலோமீட்டரைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடல் கண்ணில் படாது, வண்டிச் சத்தம், நடைபாதை விட்டு விட்டு வரும். பெசன்ட் அவென்யூ மட்டும் விதிவிலக்கு, நாள் முழுவதிலும் நல்ல மரநிழல் அங்கேதான். பிரம்மஞான சபை வளாகத்தைக் குறுக்குவழியாகக் கணக்கிடாதீர்கள், ஞாயிறு மூடியிருக்கும்.

லூப் ரோட்டில் ஒன்று: நொச்சிக்குப்பத்து மணலில் வலை, கயிறு, தூண்டில் முள் கிடக்கும். வெறுங்காலோடு வேண்டாம். காய்கிற வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

ஒன்பதாம்நம்பர்செருப்பு:

இரண்டு காலணி எடுத்துச் செல்லுங்கள். ரோட்டுக்கு, பழகிய ஓட்டக் காலணி. மணலுக்கு, பட்டை வைத்த ஃப்ளோட்டர்ஸ் செருப்பு. வலைத்துணி ஷூவில் மெல்லிய மணல் புகுந்து, வியர்வையோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். குதிகாலில் கொப்புளம் வருவது அப்படித்தான். தோலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவதில் பயனில்லை.

ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சாய்ந்திருக்கும். தெற்கே நடக்கும்போது இடது கால் எப்போதும் தாழ்வில். இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே முழங்காலின் வெளிப்பக்கம் வலி தொடங்கும். இடையிடையே மேல்மணலுக்கோ சாலைக்கோ மாறுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். முதுகில் 2 லிட்டர் போதும். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் நிரப்பிக்கொள்ளலாம். நிரப்ப வேண்டிய கடைசி இடம் பெசன்ட் நகர். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரைக்கவும், அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் வயிறு கெடும்.

வாடைக்காற்று:

மேலே எழுத விட்டது. பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையை 10 மணிக்கு முன்பே தொட்டுவிடுவீர்கள். அதுவரை சுமார் 15 கி.மீ. ஆகியிருக்கும். அங்கிருந்து அஷ்டலட்சுமி கோயில், ஓடைக்குப்பம், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று 7 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்க மணல். உற்சாகத்தில் அப்படியே தொடர்ந்தால் 10 முதல் 12.30 மணி வரை நிழலே இல்லாத மணலில் இருப்பீர்கள். பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் விடுவது இங்கேதான்.

பெசன்ட் நகரில் சாப்பிட்டு 3.30 வரை படுத்து எழுங்கள். மூன்றரைக்குப் பிறகு வெயில் மேற்கே சாய்ந்து கரையோர வீடுகளின் நிழல் மணலில் விழத் தொடங்கும். மணலில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றே கணக்கிடுங்கள். 6 மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே முடியும். இருட்டிவிட்டால் டார்ச் அடிக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது, வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.

கால்நடை:

திருவொற்றியூரும் உடைந்த பாலமும் கைவிடப்பட்டன. நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால்?

முகத்துவாரம்:

திருவான்மியூர் வரை பறக்கும் ரயில் உங்களுக்கு இணையாகவே வருகிறது. சேப்பாக்கம், கலங்கரை விளக்கம், கிரீன்வேஸ் ரோடு, கடைசியாகத் திருவான்மியூர். வண்டியைத் திருவான்மியூர் ஸ்டேஷனில் விட்டு, காலை ரயிலில் பீச் வந்து நடக்கத் தொடங்குவது நல்லது. ஞாயிறு ரயில்கள் குறைவு, முதல் வண்டியின் நேரத்தை முந்தின நாளே பாருங்கள். நீலாங்கரையில் முடித்தால் மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறிப் பேருந்து பிடிக்கலாம்.

உங்கள் தேதியில்தான் எனக்குச் சந்தேகம். காணும் பொங்கலுக்கு மெரினா நடக்கிற இடமாக இருக்காது. ஜனவரி 26க்கு முந்தைய நாட்களில் குடியரசு தின ஒத்திகைக்காகக் காலையில் காமராஜர் சாலையை மூடுவார்கள். பிப்ரவரி முதல் ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள்.